கலைப்பீடத்தின் சுத்தமான கைகள்

கடந்த ஜூன் முதலாம் திகதியும் நாங்கள் ஸ்டேட்டஸ் போட்டோம். எரிந்த நூலகத்தின் கறுப்பு வெள்ளைப் படம், கீழே இரண்டு வரி. 1981 மே 31 இரவு மூட்டிய நெருப்பில் ஏறத்தாழ 97,000 நூல்களும் வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் போனதை எங்களில் ஒருவரும் நேரில் கண்டதில்லை. எங்கட அம்மா அப்பாமாரே அப்ப சின்னப்பிள்ளைகள். ஆனாலும் வருடாவருடம் போடுகிறோம், போடத்தான் வேண்டும்.

அதே கிழமை எங்கட சங்க அறையில், மேசைக்குக் கீழே இருந்த பழைய டெஸ்க்டொப் 'டிக், டிக்' எண்டு சத்தம் போடத் தொடங்கியிருந்தது. ஸ்டேட்டஸ் போட்ட நாங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் போட்டோம். ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை. ஒருவர் காலால ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் நின்றது. எல்லாரும் சிரிச்சோம்.

அந்தக் கொம்பியூட்டர் எங்களுக்கு நாலைந்து பட்ச் முந்தின அண்ணாமார் அக்காமார் காலத்தில் வந்தது. மூன்றாந் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதில நாங்கள் அசைன்மென்ட் அடிச்சோம், விழாவுக்கு நோட்டீஸ் செய்தோம், படம் பார்த்தோம். அதே டிஸ்க்கின் 'டி' பக்கத்தில் 'களப்பணி' எண்ட பெயரில் ஒரு போல்டர் இருந்தது. கிட்டத்தட்ட 180 ஜிபி. முந்தின பட்ச் ஆட்கள் முல்லைத்தீவுப் பக்கம் போய்ப் பதிவு செய்த கோவலன் கூத்துப் பாட்டுகள் அதில் இருந்தன. ஒப்பாரி சொல்லத் தெரிந்த அம்மாமார் தயங்கித் தயங்கிச் சொன்னதும் இருந்தது. காத்தவராயன் கூத்து அண்ணாவியார் ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் இருந்து பேரனுக்குத் தாளம் சொல்லிக் குடுக்கிற ஐம்பது நிமிச வீடியோவும் இருந்தது.

அந்த அண்ணாவியார் இப்ப உயிரோட இல்லை. அவரின்ட மகள் எங்களில் ஒருவருக்கு ஒருமுறை போன் எடுத்துக் கேட்டா: "பிள்ளையள், அப்பான்ட அந்த வீடியோ இன்னும் இருக்கோ?" ஓம் அன்ரி, பத்திரமா இருக்கு எண்டு சொன்னோம். அனுப்பவில்லை. பைல் பெரிசு, வட்ஸ்அப்பில போகாது, நேர வரேக்க கொண்டு வந்து தாறம். அந்த 'வரேக்க' ஒன்றரை வருடமாக வரவில்லை.

'பத்திரமா இருக்கு' எண்டு நாங்கள் சொன்னது ஒரேயொரு டிஸ்க்கில், ஒரேயொரு பிரதியாக இருந்த ஒன்றைப் பற்றி.

இதை எழுதுவதற்குக் காரணம் எங்கட துறையில் 'ஆவணப்படுத்தல்' என்ற சொல்லுக்கு இப்ப இருக்கிற மவுசு. செமினார் வைக்கிறோம். 'நினைவும் ஆவணமும்' எண்டு தலைப்புப் போட்டுக் கட்டுரை வாசிக்கிறோம். ஆவணக்காப்பகம் என்றால் அதிகாரம், மறதி என்றால் அரசியல், எல்லாம் வாய்ப்பாடமாகத் தெரியும். ஒரு பைலை இன்னொரு டிஸ்க்கில கொப்பி பண்ணி வைக்க மட்டும் தெரியாது. தெரியாது என்பதும் பொய். அது எங்கட வேலை இல்லை எண்டு நினைச்சோம். "அது ஐ.டி ஆட்களின்ட வேலை" என்பது கலைப்பீடத்தில் ஒரு குறைபாடாகச் சொல்லப்படுவதில்லை, ஒரு பெருமையாகவே சொல்லப்படுகிறது. கையில கிறீஸ் படாத படிப்பு எங்கட படிப்பு. இந்தப் பெருமை எங்க இருந்து வந்தது எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. கருவி பிடிக்கிறவன் கீழ, ஏடு பிடிக்கிறவன் மேல எண்ட பழைய கணக்குத்தான். சாதியைப் பற்றி ஆய்வு செய்கிற ஆட்கள் ஸ்குரூட்ரைவரைக் கண்டதும் அந்தக் கணக்குக்குள்ளேயே போய் இருக்கிறோம்.

சத்தம் திரும்பவும் வந்து, மெஷின் ஓன் ஆக இருபது நிமிசம் எடுக்கத் தொடங்கின பிறகு முறைப்படி கடிதம் குடுத்தோம். மூன்று கிழமைக்குப் பிறகு வந்த பதில் சுருக்கமானது: சாமான் பழசு, திருத்தச் செலவு செய்ய ஏலாது, அடுத்த கணக்கெடுப்பில் கண்டெம் பண்ணப்படும். அரச நிறுவனங்களில் வேலை செய்த ஆட்களுக்கு இந்தச் சொல் தெரியும். வருட முடிவில் ஒரு குழு வந்து கதிரை, மேசை, மின்விசிறி எல்லாத்தையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு எண்ணும். உதவாதது எண்டு முடிவானவை ஒரு மூலையில் குவிக்கப்பட்டு, பிறகு ஏலத்தில் போகும். எங்கட மெஷின் அந்தப் பதிவேட்டில் எப்படி இருக்கிறது எண்டு எட்டிப் பார்த்தோம். கணினி 1, மொனிட்டர் 1, கீபோர்ட் 1, மவுஸ் 1. மவுஸ் இருக்கிறது. அண்ணாவியார் இல்லை.

அந்தப் பதிவேட்டை எழுதின ஆளில் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர் பார்த்ததை எழுதினார். டிஸ்க்குக்குள்ள என்ன இருக்கு எண்டு எழுதி வைத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். நாங்கள் எங்கேயும் எழுதவில்லை.

பிறகு ரவுணில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்கார அண்ணை மூடியைக் கூடக் கழற்றவில்லை. "தங்கச்சி, உதோட மாரடிக்காம புதுசு ஒண்டை எடுங்கோ. ஒன்றரை இலட்சத்துக்குள்ள நல்லதாப் போட்டுத் தாறன்." உள்ளுக்குள்ள இருக்கிறதை எடுத்துத் தர ஏலுமோ எண்டு கேட்டோம். "டேட்டாவோ? அதுக்குக் கொழும்புக்கு அனுப்ப வேணும். வருமோ எண்டு சொல்ல மாட்டன்." பிறகு எங்களோட வந்த ஒரே ஆம்பிளைப் பிள்ளையைப் பார்த்து, விளக்கத்தை அவருக்குச் சொல்லத் தொடங்கினார். அந்தத் தம்பிக்கு ஸ்குரூ எந்தப் பக்கம் சுத்தினால் கழரும் எண்டதே சந்தேகம். பாவம், தலையாட்டிக்கொண்டு நிண்டார்.

கடைக்காரர் கெட்டவர் இல்லை. 2022 இல் டொலர் ஒன்று 200 ரூபாவில் இருந்து 360க்குப் போன காலத்தில் ஒரு சாமானும் இறக்க ஏலாமல் கடையைத் திறந்து வைத்திருந்த ஆள். திருத்தினால் அவருக்கு ஐந்நூறு, ஆயிரம். புதுசு வித்தால்தான் வாடகை. அவரின்ட கணக்கு அவருக்குச் சரி. எங்கட கேள்வி, அவரின்ட கணக்கை நாங்களும் எங்கட கணக்காக ஏன் எடுக்கிறோம் என்பது. ஒரு பாகம் போனால் முழுச் சாமானும் போயிற்று எண்டு ஆர் எங்களுக்குச் சொல்லித் தந்தது? எங்கட அப்பாமார் சைக்கிளுக்கு டியூப் ஒட்டி ஒட்டியே இருபது வருடம் ஓடின ஆட்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவில ரேடியோ கேட்ட கதையை ஒவ்வொரு வீட்டிலயும் சொல்லுவினம். நாங்கள் அதைக் கேட்டுப் புல்லரிக்கிறோம். பிறகு போய் 'பழசு' எண்டு ஒரு மெஷினைத் தூக்கி எறிகிறோம்.

சரி, உள்ளுக்குள்ள நடக்கிறதைக் கொஞ்சம் சொல்லுவம். தெரிந்தால் பயம் போகும். எங்களுக்குப் போனது.

ஹார்ட் டிஸ்க் என்பது கண்ணாடி போல மினுங்குகிற வட்டத் தட்டுகள். டெஸ்க்டொப்பில் வழக்கமாக நிமிசத்துக்கு 7,200 தரம், அதாவது நொடிக்கு 120 தரம் சுத்தும். அதுக்கு மேல ஒரு சின்னக் கை அங்கயும் இங்கயும் ஓடி வாசிக்கும். கையின் நுனி தட்டில் தொடாது. தலைமயிரின் தடிப்பை விட ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கும். தொட்டால் சிராய்க்கும், சிராய்த்தால் அந்த இடத்தில் இருந்தது போயிற்று. திடீரெண்டு கரண்ட் போனால், தட்டு சுத்திக்கொண்டிருக்கிற வேகத்தில் மிஞ்சின சக்தியைப் பாவித்து அந்தக் கை தன்னுடைய ஒதுக்கிடத்துக்குப் போய்விடும். நல்ல வடிவமைப்புத்தான். ஆனால் 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்டில், யூ.பி.எஸ் இல்லாத ஒரு மெஷினில், அந்தக் கை எத்தனை தரம் அப்படி ஓடி ஒளிந்திருக்கும்? எழுதிக்கொண்டிருந்த பைல்கள் பாதியில் நின்றது தனிக் கதை.

டிக் டிக் எண்ட சத்தம், அந்தக் கை வாசிக்க ஏலாமல் திரும்பத் திரும்ப முயற்சி செய்கிற சத்தம். காலால தட்டினால் நிற்கும் எண்டு நாங்கள் கண்டுபிடிச்ச வைத்தியத்தின் கேவலம் இப்ப விளங்குதோ?

எங்கட அடுத்த பிழை அதைவிடப் பெரிசு. ஒரு நாள் மெஷினைப் போட, நீலத் திரையில் 'டிஸ்க்கைச் சோதிக்கிறேன்' எண்டு விண்டோஸ் தானாகவே தொடங்கியது. நல்லது, தானே திருத்துது எண்டு நாங்கள் கன்டீனுக்குப் போயிட்டு வந்தோம். சாகிற டிஸ்க்கில் அந்தச் சோதனை செய்யவே கூடாது. அது பைல்களைக் காப்பாற்றுவதற்கான வேலை அல்ல, அடுக்கு முறையை ஒழுங்காக்குகிற வேலை. வாசிக்க முடியாத பைலைத் துண்டாக்கி, பெயரில்லாத துண்டுகளாக ஒரு புதுப் போல்டரில் கொட்டும். அதோட மணித்தியாலக் கணக்காக அந்தக் கையைக் களைக்கப் பண்ணும். 27 சதவீதத்தில் எங்களில் ஒருவருக்குச் சந்தேகம் வந்து நிறுத்தினோம். பெயர் இழந்த சில ஒலிப்பதிவுகள் இண்டைக்கும் ஆருடைய குரல் எண்டு தெரியாமல் கிடக்குது. அதுக்குக் காரணம் நாங்கள் குடிச்ச பிளேன்ரீ.

அதுக்குப் பிறகுதான் ஹொஸ்டலில் இருந்து வாசிக்கத் தொடங்கினோம். ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னைப் பற்றித் தானே ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. அதுக்கு 'ஸ்மார்ட்' எண்டு பெயர். 'கிரிஸ்டல்டிஸ்க்இன்போ' எண்ட இலவச மென்பொருள் அதைத் திறந்து காட்டும். பார்க்க வேண்டியது முக்கியமாக மூன்று: பழுதாகி வேறிடத்துக்கு மாற்றப்பட்ட பகுதிகள் எத்தனை, வாசிக்க முடியாமல் காத்திருக்கிற பகுதிகள் எத்தனை, திருத்தவே முடியாதவை எத்தனை. எங்கட மெஷினில் மஞ்சள் எச்சரிக்கை. காத்திருப்பது 138 எண்டு இருந்தது. பரவாயில்லை எண்டு மூச்சு விட்டோம். பிறகுதான் தெரிஞ்சுது, அந்த மென்பொருள் எண்களைப் பதினாறின் அடியில் காட்டும் எண்டு. 138 எண்டால் உண்மையில் 312.

இன்னொரு விசயமும் வாசிச்சோம். சில நேரம் டிஸ்க்கில் பிழையே இருக்காது, அதை மதர்போர்ட்டோடு இணைக்கிற சாட்டா கேபிள் பழுதாக இருக்கும். அப்படியெண்டால் அதே அட்டவணையில் சி.ஆர்.சி எண்ட வரி ஏறும். ஒரு மலிவான கேபிளால முடிகிற வேலைக்கு ஒன்றரை இலட்சம் சொல்லுகிற கடைகள் எத்தனையோ. எங்கட விசயத்தில் கேபிள் நல்லது. டிஸ்க்தான் சாகுது.

பச்சை நிறம் காட்டினாலும் நம்ப ஏலாது என்பதையும் சொல்ல வேணும். 2007 இல் கூகிள் பொறியியலாளர் மூவர் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைக் கண்காணித்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான ஸ்மார்ட் குறிகள் ஒன்றையும் காட்டாமலே செத்தன. மறுபக்கம், சோதனையில் முதல் பிழை வந்த டிஸ்க், பிழை வராத டிஸ்க்கை விட அடுத்த 60 நாளுக்குள் சாகிற வாய்ப்பு 39 மடங்கு. அதாவது எச்சரிக்கை வந்தால் ஓட வேணும், வராவிட்டாலும் நிம்மதியாகப் படுக்க ஏலாது. எங்களுக்கு எச்சரிக்கை வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கடிதத்துக்குப் பதில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காசு சேர்த்தோம். பதினொரு பேர், ஆளுக்கு இரண்டாயிரம். மகாபொல வராத மாதம், அதனால் இரண்டு பேர் பிறகு தந்தார்கள். ஒரு சின்ன எஸ்.எஸ்.டி புதுசாகவும், ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க் பாவித்ததாகவும் வாங்கினோம். பாவித்தது எண்டால் முதலில் அதின்ட ஸ்மார்ட் குறிப்பைக் கடையிலேயே திறந்து காட்டச் சொன்னோம். கடைக்காரர் எங்களை வித்தியாசமாகப் பார்த்தார். இந்த முறை பதிலை எங்களுக்கே சொன்னார்.

பல்கலைக்கழகச் சொத்தின் மூடியைக் கழற்ற அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் கேட்டோம். ஒரு சேர், "நான் ஒண்டும் காணேல்லை" எண்டு சொல்லிப்போட்டு ரீ குடிக்கப் போனார். எங்கட நிறுவனங்களில் நல்ல காரியங்கள் நடக்கிற முறை அநேகமாக இதுதான்.

முதலில் மாற்றவில்லை. முதலில் மீட்டோம். இந்த ஒழுங்கு முக்கியம். லினக்ஸை ஒரு பென் ட்ரைவில் போட்டு அதிலிருந்து மெஷினைத் தொடங்கினோம். விண்டோஸ் பழைய டிஸ்க்கைத் தொடவே இல்லை. 'டிடிரெஸ்கியூ' எண்டு ஒரு கருவி, இலவசம், திறந்த மூலம். சாதாரண கொப்பி பழுதான இடத்தில் போய் முட்டி நிற்கும். இது அப்படி இல்லை. நல்ல பகுதிகளை முதலில் ஓடி ஓடி அள்ளும், கஸ்டமான இடங்களைத் தாண்டிப் போய்விட்டுப் பிறகு திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எது எடுத்தது, எது எடுக்காதது எண்டு ஒரு வரைபடப் பைலில் எழுதிக்கொண்டே போகும். அந்த வரைபடத்தை வேறொரு பென் ட்ரைவில் வையுங்கோ. இரண்டாம் இரவு கரண்ட் போனது. மெஷின் செத்தது. வந்த பிறகு அந்த வரைபடத்தைக் காட்ட, விட்ட இடத்தில் இருந்து தொடங்கியது. நல்ல டிஸ்க் எண்டால் 500 ஜிபியை இரண்டு மணித்தியாலத்துக்குள் கொப்பி பண்ணலாம். எங்களுக்கு மூன்று இரவு. முறை வைத்துப் பக்கத்தில் இருந்தோம். நோயாளிக்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரி எண்டு ஒருத்தி சொன்னா. கொஞ்சம் ஓவர்தான், ஆனால் சிரிப்பு வரவில்லை.

எல்லாம் முடிய, ஒரு எம்.பி கூட இல்லாத அளவு மட்டும் வரவே இல்லை.

மாற்றுவது பிறகு அரை மணித்தியால வேலை. பிளக்கைக் கழற்றி, பக்க மூடியின் இரண்டு ஸ்குரூ, டிஸ்க்கின் நாலு ஸ்குரூ, இரண்டு கேபிள். கேபிளின் வாய் 'எல்' வடிவம், பிழையாகப் போட முயற்சி செய்தாலும் போகாது. எஸ்.எஸ்.டி சின்னது, பழைய பெட்டியின் கூட்டுக்குள் இருக்காது, அதுக்கு ஒரு தட்டு விற்கிறார்கள். அதில அசைகிற பாகம் ஒன்றும் இல்லாததால இரண்டு ஸ்குரூவில தொங்கினாலும் பரவாயில்லை. பழைய ஹார்ட் டிஸ்க் ஸ்குரூவை அதில முறுக்க வேண்டாம், புரி வேறு. காசு மாதிரி வட்டமான சி.ஆர் 2032 பட்டரியையும் மாற்றினோம். பழையது செத்திருந்ததால மெஷின் ஒவ்வொரு நாளும் 2012க்குத் திரும்பிப் போய், திகதி பிழை எண்டு இணையத்தளங்கள் திறக்க மறுத்துக்கொண்டிருந்தன. இதைத்தான் 'இன்டர்நெட் சரியில்லாத கொம்பியூட்டர்' எண்டு இரண்டு வருடமாகத் திட்டினோம்.

பழைய மதர்போர்ட்டில் சாட்டா வேகம் பாதிதான், எஸ்.எஸ்.டி போட்டு என்ன பிரயோசனம் எண்டு பொறியியல் பீட நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. பதில், எங்களைக் காக்க வைத்தது அந்த வேகம் இல்லை. சுத்துகிற டிஸ்க்கில் ஒரு சின்னத் துண்டைத் தேடிப் பிடிக்கப் பத்துப் பன்னிரண்டு மில்லி செக்கன் போகும், எஸ்.எஸ்.டியில் 0.1 அளவு. விண்டோஸோ லினக்ஸோ தொடங்குவது எண்டால் ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளைத் தேடுவது. இருபது நிமிசம் எடுத்த மெஷின் இப்ப அரை நிமிசத்தில் எழும்புது. 'கண்டெம்' ஆன அதே மெஷின்.

அதில இப்ப ஓடுவது லினக்ஸ். வேறு வழி வைக்கப்படவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 ஓடு மைக்ரோசொப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 பெரும்பாலும் இன்டெலின் எட்டாந் தலைமுறையில் இருந்துதான் ஏற்கும். எங்கட ஐ3 நல்லா இருக்கு, ராம் நல்லா இருக்கு, பவர் சப்ளை நல்லா இருக்கு. ஆனாலும் தூரத்தில் இருக்கிற ஒரு நிறுவனம் அதைப் பழசு எண்டு அறிவித்துவிட்டது. இங்க ஒரு அலுவலகம் அதையே தமிழில் எழுதி ஒப்பம் வைக்கிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தெரியாமலே ஒரே வேலையைச் செய்கிறார்கள்.

இங்க ஒரு விசயத்தை ஒத்துக்கொள்ளத்தான் வேணும். எல்லாப் பழசையும் கட்டிப்பிடிக்க வேணும் எண்டு நாங்கள் சொல்லவில்லை. அந்தப் பவர் சப்ளையும் ஒரு நாள் போகும். சாகிற டிஸ்க்கை 'இன்னும் ஓடுது' எண்டு வைத்திருப்பது திருத்துவது இல்லை, அது சோம்பல், நாங்கள் இரண்டு மாதம் செய்தது அதைத்தான்.

"கிளவுட்டில போட்டிருக்கலாமே" எண்டு இன்னொரு குரல். எந்தக் கிளவுட்? இலவசமாகத் தருகிற 15 ஜிபியில் 180ஐ எப்படி வைப்பது? மாதாமாதம் டொலரில் ஆர் கட்டுவது, நாங்கள் வெளியேறின பிறகு அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் ஆரிட்ட இருக்கும்? அதைவிட முக்கியம், ஒப்பாரி சொன்ன அம்மா எங்களை நம்பிச் சொன்னவ. தன்ர பிள்ளையைப் பற்றிச் சொன்னவ. அவவிட்டக் கேட்காமல் அந்தக் குரலை எங்கேயோ இருக்கிற சேர்வரில் போடுவதுக்கு எங்களுக்கு என்ன உரிமை? கேட்டு, அவ ஓம் எண்டால் போடலாம். 2005 இல் இருந்து நூலகம் எண்மிய நூலகம் பழைய பத்திரிகையும் புத்தகமும் ஸ்கான் பண்ணி இணையத்தில் வைக்கிறது, எங்கட அரைவாசி அசைன்மென்ட் அதிலதான் ஓடுது. அப்படி ஓர் இடத்துக்குக் குடுப்பதுக்குக்கூட முதலில் எங்கட கையில ஒழுங்கான பிரதியும், ஆரின்ட குரல், எந்த ஊர், எந்தத் திகதி எண்ட பட்டியலும் வேணும். பட்டியலை இப்பதான் எழுதத் தொடங்கியிருக்கிறோம்.

பழைய டிஸ்க் ஒரு என்வலப்பில் இருக்கிறது. அதைத் திருப்பிக் குடுக்க வேணுமாம், பதிவேட்டில் இருக்கிற சொத்து. குடுக்கிறோம், ஆனால் ஒரு நிபந்தனையோட எண்டு கடிதம் எழுதினோம்: ஏலத்துக்குப் போக முதல் முழுவதும் அழித்தெழுதப்பட வேணும், அல்லது எங்களுக்கு முன்னால துளை போடப்பட வேணும். இந்தக் கடிதம் சிரிப்பாகப் பார்க்கப்பட்டது எண்டு கேள்விப்பட்டோம். சிரிக்கிற ஆட்களிடம் ஒரு கேள்வி. இந்த நாட்டின் அலுவலகங்களில் இருந்து கண்டெம் பண்ணி ஏலத்தில் போகிற கொம்பியூட்டர்களின் டிஸ்க்குகளை முதலில் அழிக்கிறது ஆர்? அடையாள அட்டைப் பிரதி, மருத்துவ அறிக்கை, காணாமல் போன பிள்ளையைத் தேடி எழுதின விண்ணப்பம், இதெல்லாம் ஒரு டிஸ்க்கில இருக்கலாம். 'டிலீட்' அமத்தினால் அழியாது, பெயர்தான் போகும். எங்கட மீட்பு வேலையே அதுக்குச் சாட்சி. இதை ஒரு விதியாக எழுதுங்கோ எண்டுதான் கேட்கிறோம். எழுதும் வரைக்கும் என்வலப் எங்களிடம்தான் இருக்கும்.

இனி எங்கட பீடத்துக்கு. முதலாம் வருடத்தில் எங்களுக்குக் கணினிப் பாடம் இருக்கிறது. அதில வேர்ட், எக்ஸல், பவர்பொயின்ட். மூடியைக் கழற்றின ஒரு மெஷினை நாங்கள் அந்தப் பாடத்தில் ஒருநாளும் காணவில்லை. பைலை எப்படி இரண்டு இடத்தில் வைப்பது, அதில ஒன்றை ஏன் வேறு கட்டடத்தில் வைப்பது, எஸ்.எஸ்.டியைக் கரண்ட் குடுக்காமல் வருடக்கணக்கில் அலுமாரியில் வைத்தால் அதில இருப்பது ஏன் அழியலாம், ஒருவரும் சொல்லித் தரவில்லை. களப்பணிக்கு அனுப்புகிறீர்கள். ஒலிப்பதிவுக் கருவியை எப்படிப் பிடிப்பது எண்டு சொல்லித் தருகிறீர்கள். பதிவு செய்ததுக்குப் பிறகு அது எங்க போகும் எண்டு கேட்கிற ஒரு புள்ளியும் மதிப்பீட்டில் இல்லை. அறிக்கை குடுத்தால் முடிஞ்சுது. கிராமத்துச் சனம் குடுத்த குரல் ஒரு மேசைக்குக் கீழ டிக் டிக் எண்டு கிடக்கும்.

எங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லுகிறோம். இந்த வேலையில் கடைசி வரைக்கும் நிண்டது நாலு பேர், அதில மூன்று பேர் பெண் பிள்ளைகள். "ஆம்பிளைப் பிள்ளையள் ஆரும் இல்லையோ, நீங்கள் ஏன் உதுக்க கை வைக்கிறியள்" எண்டு கேட்டவை வெளியாட்கள் இல்லை, எங்கட பட்ச்தான். மற்றவர்கள் 'நினைவும் ஆவணமும்' செமினாருக்குப் பனர் கட்டப் போயிருந்தார்கள்.

போன மாதம் அண்ணாவியாரின் வீட்டுக்குப் போனோம். பஸ்ஸில, பென் ட்ரைவோட, ஒரு லப்டொப்பும் இரவல் வாங்கிக்கொண்டு. மகள் திண்ணையிலேயே பாய் விரிச்சா. அதே திண்ணை. வீடியோ முழுக்க வந்தது, ஒரு இடத்தைத் தவிர. முப்பத்தோராவது நிமிசத்தில் படம் சதுரம் சதுரமாக உடைஞ்சு, குரல் நாலைந்து செக்கன் இல்லாமல் போய், திரும்பத் தாளத்தின் நடுவில் வரும். அது எங்களால போனது, முதலே கொப்பி எடுத்திருந்தால் போயிருக்காது எண்டு சொன்னோம். அவ ஒண்டும் சொல்லவில்லை. திருப்பி ஒருக்கா ஆரம்பத்தில் இருந்து போடச் சொன்னா. முடிய, உள்ளுக்குப் போய் இன்னொரு பென் ட்ரைவ் கொண்டு வந்து நீட்டினா.

"இதிலயும் ஒண்டு போட்டுத் தாங்கோ பிள்ளையள். தம்பி வீட்டயும் ஒண்டு இருக்கட்டும்."